இலைவாழ் பூஞ்சைகள்: தமிழகத்தில் ஆய்வு வளர்ந்த வரலாறு

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கோம்பை. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்களுக்கு இலைப் பூஞ்சை என்றவுடன் திராட்சைக் கொடியின் சாம்பல் நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் நோயின் அடையாளம் எதுவுமே இல்லாத பச்சை இலைக்குள்ளும் பல வகைப் பூஞ்சைகள் வாழ்கின்றன. இலை உதிர்ந்து சருகான பின் அவற்றுள் சிலவும், புதிதாக வந்து சேரும் வேறு பலவும் அதை மட்கச் செய்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. இந்த உண்மை தெளிவாக நூறாண்டுகளுக்கும் மேல் ஆயின.

நோயாக மட்டும் கண்ட காலம்

1869 ஆம் ஆண்டு இலங்கையின் காபித் தோட்டங்களில் இலைத் துரு நோய் கண்டறியப்பட்டது. இதற்குக் காரணமான ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சை சில ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் பரவியது. அதை ஆராய மார்ஷல் வார்டு 1880 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பூஞ்சை இலைக்குள் நுழையும் முறையை அவர் விளக்கினாலும் தோட்டங்களைக் காப்பாற்ற முடியவில்லை. இலங்கை காபியை விட்டுத் தேயிலைக்கு மாறியது. தோட்ட வேலைக்கு அங்கே சென்றிருந்த தமிழ்த் தொழிலாளர்களின் வாழ்வும் அதனோடு மாறியது. இத்தகைய இழப்புகளால் இலைப் பூஞ்சை என்றாலே பயிரின் பகை என்னும் எண்ணம் வேரூன்றியது.

எனினும், செடிக்குள் வாழும் உயிரிகளைக் குறிக்க எண்டோஃபைட் என்னும் சொல்லை ஜெர்மானிய அறிஞர் டி பாரி 1866 இலேயே பயன்படுத்தியிருந்தார். இன்று அச்சொல், இலைக்குத் தீங்கு காட்டாமல் அதனுள் வாழும் பூஞ்சைகளையே பெரிதும் சுட்டுகிறது. இவற்றை உள்வாழ் பூஞ்சைகள் எனலாம்.

சென்னையின் பங்கு

இந்தியப் பூஞ்சையியலின் முக்கிய மையமாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகம் விளங்கியது. டி. எஸ். சதாசிவன் அதை வளர்த்தெடுத்தார். அவருடைய மாணவர் சி. வி. சுப்பிரமணியன், சருகு, பட்ட குச்சி, மண் ஆகியவற்றில் வளரும் நுண்பூஞ்சைகளை வகைப்படுத்துவதில் உலகப் புகழ் பெற்றார். இந்திய ஹைபோமைசீட் பூஞ்சைகளைப் பற்றிய அவரது பெருநூல் 1971 இல் வெளிவந்தது. 1973 இல் இந்தியப் பூஞ்சையியல் கழகம் தோன்றியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

உயிருள்ள இலையின் உட்புறத்தை ஆராய்வதில் சென்னை மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியின் டி. எஸ். சூரியநாராயணனும் அவரது மாணவர்களும் முன்னோடிகள் ஆயினர். முறை எளியது. நோயற்ற இலையைப் பறித்து, எரிசாராயத்திலும் குளோரின் கரைசலிலும் நனைத்து மேற்பரப்பில் உள்ள நுண்ணுயிர்களை நீக்குவர். பிறகு சிறு துண்டுகளாக நறுக்கி, உருளைக்கிழங்குச் சாறு கலந்த அகார் ஊடகத்தில் வைப்பர். சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள், உள்ளே இருந்த பூஞ்சை இழைகள் வெளியே வளர்ந்து வரும்.

பிச்சாவரமும் முதுமலையும்

பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் ரைசோபோரா அபிகுலேட்டா மரத்தின் இளம் இலை, முதிர்ந்த இலை, பழுத்த இலை ஆகிய மூன்றையும் குமரேசனும் சூரியநாராயணனும் ஒப்பிட்டு 2002 இல் கட்டுரை வெளியிட்டனர். பச்சை இலைக்குள் இருந்த பூஞ்சைகளில் சில, பழுத்த இலையிலும் தொடர்ந்து இருந்தன. இலையின் பொருள்களைச் சிதைக்கும் நொதிகளையும் அவற்றால் சுரக்க முடிந்தது. ஆகவே, மட்கச் செய்யும் வேலைக்கான ஆள்களில் சிலர் இலை உதிரும் முன்பே உள்ளே காத்திருக்கிறார்கள் எனலாம்.

வெப்பமண்டலக் காடுகளில் ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனிப் பூஞ்சைகள் இருக்குமா என்பது மற்றொரு கேள்வி. பனாமா நாட்டில் இரண்டு மர இனங்களின் 83 இலைகளிலிருந்து 418 உருவ வகைகள் கிடைத்ததாக 2000 இல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் முதுமலைப் பகுதிக் காடுகளில் செய்த ஆய்வுகளில், ஒரு சில பூஞ்சைகளே பல மரங்களில் பொதுவாக மிகுந்திருந்தன. மர இனங்கள் பெருகினால் பூஞ்சை இனங்களும் அதே அளவில் பெருகும் என்று கணக்கிட முடியாது என்பதை இது உணர்த்தியது. உலகில் 22 முதல் 38 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என 2017 இல் மதிப்பிடப்பட்டது. இதுவரை பெயரிடப்பட்டவை அவற்றில் சிறு பகுதியே.

தீயும் சருகும்

2018 மார்ச்சில் போடி மலையின் குரங்கணியில் பற்றிய தீ மலையேறச் சென்ற பலரைப் பலிகொண்டது. கோடையில் காய்ந்த புல்லும் சருகும் அடிவார மக்களுக்கு எவ்வளவு ஆபத்தானவை என்பதை அது காட்டியது. சருகை மட்கச் செய்யும் பூஞ்சைகள், காட்டுக்கு உரமிடுவதோடு எரிபொருளையும் குறைக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் அடிக்கடி தீப்பிடிக்கும் காடுகளின் சருகிலிருந்து எடுத்த சில பூஞ்சை வித்துகள், 100 பாகை செல்சியஸ் உலர் வெப்பத்தை இரண்டு மணி நேரம் தாங்கியதாகச் சூரியநாராயணன் குழுவினர் 2011 இல் அறிவித்தனர். அந்தப் பூஞ்சைகளுக்கு அவர்கள் சூட்டிய பெயர் அக்னியின் பூஞ்சைகள் என்பதாகும்.

இன்றைய நிலை

உள்வாழ் பூஞ்சைகள் சில, மரத்தை நோயிலிருந்து காக்கின்றன. கோகோ இலைகளில் இது 2003 இல் மெய்ப்பிக்கப்பட்டது. பசிபிக் யூ மரத்தில் வாழும் ஒரு பூஞ்சை, டாக்சால் என்னும் புற்றுநோய் மருந்துப் பொருளை உண்டாக்குவதாக 1993 இல் வெளியான அறிக்கை உலகின் கவனத்தை ஈர்த்தது. இன்று மரபணு வரிசை முறை பல புதிய பூஞ்சைகளைக் காட்டித் தருகிறது. ஆனால் நுண்ணோக்கியில் வித்தைப் பார்த்து இனத்தைச் சொல்லும் வகைப்பாட்டு அறிஞர்கள் குறைந்து வருகின்றனர். ஒரு காடு அழியும்போது, பெயரிடப்படாத இலைப் பூஞ்சைகளும் எந்தப் பதிவும் இல்லாமல் அதனுடன் மறைந்துவிடுகின்றன.