வண்ணார்பேட்டை: ஊரும் துறையும்

பொதியமலையிற் பிறந்து, பொருநை என்றும் தாமிரவருணி என்றும் பெயர் பூண்டு வரும் நம் நதி, குறுக்குத்துறை முருகன் சந்நிதியைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் இடத்தில், அதன் கீழ்கரையில் அமைந்தது வண்ணார்பேட்டை. மேற்கே நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் வீற்றிருந்தருளும் திருநெல்வேலி. கிழக்கே கோட்டையால் பெயர் பெற்ற பாளையங்கோட்டை. இவ்விரண்டின் பெருமையையும் எடுத்துரைப்போர் பலர். இடையில் உள்ள பேட்டையையோ ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்குச் செல்லும் வழி என்றே எண்ணிப் பெரும்பாலோர் கடந்துவிடுவர். அன்னை பேராத்துச் செல்வியின் திருக்குட நன்னீராட்டு மலரில் அவ்வூரைப் பற்றிச் சில கூறுதல் பொருத்தமாகும்.

பேட்டை என்பது பேரூரையோ கோட்டையையோ அடுத்து, வணிகமோ தொழிலோ காரணமாக எழும் குடியிருப்பு. இந்நதிக்கரையிலேயே, இராசவல்லிபுரத்தில், 1896இல் பிறந்த சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள், ஊர்ப்பெயர்களில் நாட்டு வரலாறு உறைந்து கிடக்கிறது என்பதைத் தம் நூலால் தமிழருக்கு உணர்த்தினார். அவ்வழியே நோக்கின் வண்ணார்பேட்டையின் முதல் வரலாறு அதன் பெயரிலேயே உள்ளது. சென்னையிலும் ஒரு வண்ணாரப்பேட்டை உண்டு. அது கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்தோர் வாழ்ந்த இடம். நம் பேட்டைக்குக் கப்பல் வாணிகம் வேண்டுவதில்லை. இருபுறமும் இரண்டு பேரூர்கள், நடுவே வற்றாத ஆறு, கரையில் பரந்த மணல் ஆகிய இவையே போதும்.

அத்தொழிலின் நுட்பத்தை இன்றைய இளைஞர் அறியார். அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, வெள்ளாவியில் அடுக்கி, இரவெல்லாம் ஆவி ஏற்றுவர். விடியலில் பொதிகளைக் கழுதை மேல் ஏற்றித் துறைக்குக் கொணர்ந்து, கல்லில் அடித்து, ஓடும் நீரில் அலசி, மணலில் விரித்து உலர்த்துவர். இதனினும் வியப்பானது அவர்தம் குறி. சேங்கொட்டையின் சாற்றால் துணியின் ஓரத்தில் இடும் சிறு புள்ளியும் கோடும் எத்தனை வெளுப்புக்கும் அழியா. வீட்டுக்கு ஒரு குறி. பல வீட்டு உடைகள் ஒரே வெள்ளாவியில் வெந்தாலும் ஒன்று மாறி மற்றொரு வீடு செல்லாது. ஏடும் எழுத்தாணியும் இன்றி நடந்த கணக்கு இது.

துணி வெளுப்பதோடு அவர் பணி முடிந்ததன்று. தென்பாண்டி நாட்டில் அம்மன் கோயில் திருவிழாவைக் கொடை என்பது வழக்கு. கொடையில் மாத்து விரிப்பதும், பழந்துணியைத் திரித்துச் சுற்றிப் பந்தம் அமைப்பதும் வண்ணார்க்குரிய ஊழியங்கள். திருமணத்தின் தூய விரிப்பும் அவர் கையினின்றே வந்தது. இறுதிச் சடங்கின் துணியும் அவ்வாறே. மங்கலம், அமங்கலம் இரண்டிற்கும் இன்றியமையாதவராய் இருந்தும், அவர்க்கு ஊரார் அளித்த மதிப்பு மிகக் குறைவு என்பதை மறைத்தெழுதுவது வரலாறு ஆகாது. அதிலும், ஒடுக்கப்பட்டோரின் உடைகளை வெளுத்து வந்த புதிரை வண்ணார் என்னும் பிரிவினர் பகலிற் பிறர் கண்ணிற் படவும் ஆகாது என்னும் கொடிய வழக்கம் இத்திருநெல்வேலிச் சீமையிலேயே இருந்ததை 1932ஆம் ஆண்டில் ஆங்கில நாளேடு ஒன்று வெளியிட்டது. 1947இல் சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பின்னரே கோயில் வாயில்கள் எல்லா இந்துக்களுக்கும் சட்டப்படி திறந்தன.

நம் சமயமோ நெடுங்காலத்துக்கு முன்பே வேறு நெறி காட்டியிருந்தது. காஞ்சிபுரத்தில் அடியார்களின் உடையை வெளுத்து அளித்த ஏகாலியராகிய திருக்குறிப்புத் தொண்டரை அறுபத்து மூவருள் ஒருவராக வைத்துச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துப் பாடினார். முதிய அடியாராய் வந்த இறைவனுக்கு அந்தி சாயுமுன் துணியை உலர்த்தித் தருவதாக வாக்களித்தார் நாயனார், மழை விடவில்லை. குளிரால் நடுங்கும் முதியவரைக் கண்டு பொறாது, துணி துவைக்கும் கல்லிலே தம் தலையை மோதினார். அக்கல்லினின்றே இறைவன் திருக்கரம் எழுந்து தடுத்தது. துறைக்கல்லையே திருவருள் வெளிப்படும் இடமாக்கிய இச்சரிதம், ஆற்றங்கரையில் நிற்கும் நம் கோயிலில் ஓதத்தக்கதன்றோ!

இனிப் பாலம். கொக்கிரகுளத்தில் கலெக்டர் கச்சேரி இருந்தும், திருநெல்வேலியார் ஆற்றைக் கடந்தே அங்கு வரவேண்டியிருந்தது. வெள்ளக் காலத்தில் அது அரிதாயிற்று. கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் சுமார் ஐம்பதினாயிரம் ரூபாய் தம் கைப்பொருளை அளிக்க, பதினொரு வளைவுகளுடன் எழுந்த பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அது எத்தகைய பெருந்தொகை என்பதைத் திருப்பணிக்கு வசூல் செய்தோர் நன்கு உணர்வர். 1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி சிதைந்து பின் செப்பனிடப்பட்டது. 1876இல் மணியாச்சியிலிருந்து இருப்புப்பாதை வந்தபோது, இன்றைய சந்திப்பு நிலையத்துக்குத் ‘திருநெல்வேலிப் பாலம்’ என்றே பெயர் வழங்கியது. பாலத்தின் கீழைமுனைக்குத் தெற்கே கொக்கிரகுளம், வடக்கே வண்ணார்பேட்டை. துறையால் பிறந்த ஊரைப் பெருவழியில் சேர்த்தது இப்பாலமே.

1866 முதல் பாளையங்கோட்டை நகராட்சி தனியே இயங்கியது. 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் நான்கும் மாநகராட்சியாக ஒன்றிணைந்தன. புறவழிச் சாலைகள் வந்தன. மருத்துவமனைகள், விடுதிகள், கடைகள், பொறியியற் கல்லூரி என ஊர் உயர்ந்தது. 1962 முதல் 1967 வரை சென்னைச் சட்டமன்றப் பேரவைத் தலைவராக விளங்கிய செல்லப்பாண்டியனாரின் சிலை நாற்சந்தியில் நிற்கிறது. இன்று பேட்டையில் வாழ்வோரிற் பலர் வெளியூரினின்று வந்து குடியேறியோர். இத்திருப்பணிக்கு மனமுவந்து பொருள் தந்தோரும் அவர்களிற் பலரே.

ஆறு மட்டும் தன் பழைய உரிமையை விடவில்லை. 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் கரையோரத் தெருக்களுக்குள் புகுந்து, எது துறை, எது தெரு என்பதைத் தானே வரையறுத்துக் காட்டியது. பேராறு என்பது நம் பேச்சில் ‘பேராறு, பேராத்து’ என்றாகி, அன்னையின் திருப்பெயரிலே நிலைத்துவிட்டதையும் ஈண்டு நினைக்க. அவ்வாற்றில் சாக்கடை கலப்பதைக் கண்டும் காணாதிருந்துவிட்டு, அதே நீரைக் கலசத்தில் முகந்து விமானத்தின் மேல் வார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஊர்ப்பெயரில் சாதித் தொழில் ஒலிக்கிறதே என்று கூசுவோர் சிலர் இருக்கலாம். அடியேன் கருத்தில், ஊரை ஆண்டோர் பெயரால் விளங்கும் ஊர்கள் ஆயிரம்; ஊரின் அழுக்கைக் களைந்தோர் பெயரால் விளங்கும் ஊர்கள் சிலவே. குடமுழுக்கு நிறைவேறியதும் உபயதாரர் பெயர்களைக் கல்லில் வெட்டுவது மரபு. அக்கல்லின் முதல் வரியில், பணம் தந்தோர்க்கு முன்னதாக, இக்கரையில் மாத்து விரித்தும் பந்தம் சுற்றியும் பணி செய்த துறைக்குடிகளைக் குறிக்குமாறு திருப்பணிக் குழுவினரை வேண்டிக்கொள்கிறேன். அதற்குத் தனிச் செலவு ஏதும் இல்லை. ஒரு வரி இடம் போதும்.