185-ஆம் பிரிவு, நெதர்லாந்து சாலைப் போக்குவரத்துச் சட்டம்

நெதர்லாந்தின் 1994-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் இப்பிரிவு, சாலையில் ஓடும் மோட்டார் வாகனத்தால் பாதசாரிக்கோ சைக்கிளோட்டிக்கோ நேரும் நஷ்டத்திற்கு வாகன உடைமையாளரைப் பொறுப்பாளியாக்கும் சிவில் விதியாகும். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு இதன் முன்னோடி. தவிர்க்கவே இயலாத நிர்ப்பந்தத்தால் விபத்து நேர்ந்ததென்று நிரூபிக்கும் பாரம் உடைமையாளரையே சார்ந்தது. அந்நிரூபணம் சித்திப்பது மிக அரிது. பாதிக்கப்பட்டவர் வேண்டுமென்றோ அதற்கு நிகரான அசட்டையாலோ விபத்தை வருவித்தாலன்றி, அவர்பால் பிழையிருப்பினும், 14 வயது நிரம்பாதோர் முழு நஷ்டஈடும் ஏனையோர் குறைந்தது பாதியும் பெறுவர் என்று வகுத்தது சட்ட வாசகமன்று. 1990-களின் தொடக்கத்தில் ஹேக் நகரத்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளே. நடைமுறையில் இந்நஷ்டஈட்டுச் சுமை பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியையே சேரும். ஓட்டியின் குற்றப் பொறுப்பு இதனுள் அடங்காது. அது 6-ஆம் பிரிவுக்குரியது, அங்கே பிழை மெய்ப்பிக்கப்பட்டாலன்றித் தண்டனையில்லை.