புளியங்கொட்டை முதல் புலி வரை

நம் கல்லூரிப் புள்ளியியல் ஆய்வகம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஒரு மண்பானைதான். அது நிறையப் புளியங்கொட்டை. "எண்ணாம எத்தனைன்னு சொல்லுங்கப்பா" என்றார் எங்கள் பேராசிரியர். 50 கொட்டைகளை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, திரும்பப் போட்டுக் கலக்கினோம். மறுபடி அள்ளிய 60-ல் சுண்ணாம்புக் கொட்டை 12. ஐம்பதை அறுபதால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 250. கொட்டி எண்ணினோம். 243!

இந்தக் கணக்குக்குப் பெரிய வரலாறு உண்டு. டென்மார்க் மீனியல் அறிஞர் பீட்டர்சன் 1896-லேயே மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டு ஆராய்ந்தார். அமெரிக்காவின் லிங்கன் 1930-ல், வளையமிட்ட வாத்துகளில் எத்தனை வேட்டைக்காரர்களிடம் சிக்கின என்று பார்த்துக் காட்டு வாத்துகளை மதிப்பிட்டார். இடையில் பிறப்பும் இறப்பும் நிகழும் கூட்டங்களுக்கான முறையை ஜாலி, செபர் இருவரும் 1965-ல் தனித்தனியே தந்தார்கள்.

படிப்பு முடித்து ஆய்வில் சேர்ந்த புதிதில், ஒரு நீர்த்தேக்கத்தில் மீன் கணக்கிட என்னை அனுப்பினார்கள். அடையாள வில்லை கட்டி விட்டோம். மதிப்பீட்டை இரு எல்லைகளுக்கு இடையில் எழுதிக்கொண்டு போனேன். "இழுக்காதீங்க தம்பி, ஒரே நம்பரா சொல்லுங்க" என்றார் அதிகாரி. சொல்லிவிட்டேன். அதை வைத்துக் குத்தகைத் தொகையை உயர்த்திவிட்டார்கள்.

அடுத்த வருஷம் ஒரு மீனவப் பெரியவர் கேட்டார்: "நீங்க எண்ணுன மீனு எங்க வலைக்கு மட்டும் வரமாட்டேங்குதே சார்?" பிறகுதான் புரிந்தது. பல வில்லைகள் கழன்று விழுந்திருந்தன. அடையாளமுள்ள மீன் குறைவாகச் சிக்கினால் வகுக்கும் எண் சிறுக்கும், விடை பெருக்கும். என் பிழைக்கு அவர்கள் பணம் கட்டினார்கள்.

நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த், தானியங்கிக் கேமராவில் பதிந்த புலிகளை வரிகளால் அடையாளம் கண்டு கணக்கிட்ட கட்டுரை 1995-ல் வெளிவந்தது. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. வரி கழன்று விழாதே! 1972 முதல் நாட்டில் கால்தடம் பார்த்தே புலி எண்ணி வந்தோம். சரிஸ்காவில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது 2005-ல் அம்பலமான பிறகே முறை மாறியது. 2008-ல் வந்த முடிவு 1,411. கூடவே 1,165 முதல் 1,657 வரை என்று எல்லைகளையும் அச்சிட்டார்கள்.

நம் துறையிலிருந்து ஆய்வுக்குப் போகும் தம்பி தங்கைகளே, யார் அவசரப்படுத்தினாலும் எல்லைகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். அந்த எண்ணை நம்பி யாரோ வலை வீசுகிறார்கள்.

அது சரி, அந்தப் பானை இன்னும் ஆய்வகத்தில் இருக்கிறதா?