அரைநாள் வாடகை: ஹார்லி தெருவின் மருத்துவ அறைகள்

லண்டனின் மேரிலபோன் பகுதியில் கேவண்டிஷ் சதுக்கத்தை அடுத்து வடக்கே நீளும் ஹார்லி தெரு, உயர்தர மருத்துவத்தின் முகவரியாக உலகெங்கும் அறியப்பட்டிருந்தாலும், அந்தப் புகழைத் தாங்கி நின்றது பெரிய மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரியோ அன்று. குடும்பங்கள் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்ட வீடுகளின் அறைகளை மருத்துவர்கள் ஆண்டுக்கும் நாளுக்கும் அரைநாளுக்குமாகப் பங்கிட்டு வாடகைக்கு எடுத்துக்கொண்ட ஏற்பாடே அதன் அடித்தளம். தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் மருத்துவர் ஓர் அறையை எடுத்துக்கொள்வது இணையவழி முன்பதிவோடு வந்த புதுமையென இன்று கருதப்படுகிறது. உண்மையில் அதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நிலவுடைமை, அற மருத்துவமனை, தொழில் ஒழுக்கவிதி, அரசின் ஊதியக் கொள்கை ஆகிய நான்கும் பின்னிக் கிடக்கின்றன.

18ஆம் நூற்றாண்டு லண்டனில் வசதியுள்ள நோயாளியைத் தேடி மருத்துவரே வீட்டுக்குச் சென்றார். ஆகையால் அவருக்குத் தனி அறை தேவைப்படவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற மருத்துவருக்குக் கீழ்ப்படியில், மருந்து தயாரித்து விற்ற அப்போதிக்கரிகள் இருந்தனர். 1704இல் ரோஸ் என்பவரின் வழக்கில் பிரபுக்கள் அவை அளித்த தீர்ப்பு, நோயாளிக்கு மருந்து பரிந்துரைக்கும் உரிமையையும் அவர்களுக்கு உறுதிசெய்தது. அந்நாளின் புகழ்பெற்ற மருத்துவரான ரிச்சர்ட் மீட், முற்பகலில் கோவன்ட் கார்டன் அருகிலிருந்த டாம்ஸ் காப்பிக்கடையிலும் மாலையில் பேட்சன்ஸ் காப்பிக்கடையிலும் அமர்ந்து, அப்போதிக்கரிகள் வந்து சொல்லும் நோய்க்குறிகளைக் கேட்டு, நோயாளியைப் பாராமலேயே மருந்து எழுதிக்கொடுத்து, அரைக் கினி கட்டணம் பெற்றார் (ஒரு கினி என்பது 21 ஷில்லிங்). மருத்துவர் ஒரு பொது இடத்தில் குறித்த நேரத்தில் கிடைப்பார் என்ற வழக்கம் இங்கேயே தோன்றிவிட்டது. ஆனால் அந்த இடத்துக்கு நோயாளி இன்னும் வந்துசேரவில்லை.

நோயாளியை மருத்துவரின் அறைக்கு வரவழைத்ததில் கருவிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1816இல் லென்னெக் உருவாக்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த வீட்டுக்கும் போய்விடலாம். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்திய கண்ணுள்நோக்கியும், அதே பத்தாண்டில் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த குரல்வளைநோக்கியும் அப்படியல்ல; அவற்றுக்கு இருட்டாக்கிய அறையும், இடம் மாறாத விளக்கும், நோயாளி அசையாமல் அமர ஏற்ற நாற்காலியும் வேண்டியிருந்தன. கண், தொண்டை, காது என உறுப்பு வாரியாக வல்லுநர்கள் பிரிந்த காலமும் இதுவே. யூஸ்டன் (1837), பாடிங்டன் (1838), கிங்ஸ் கிராஸ் (1852), செயின்ட் பாங்க்ரஸ் (1868) ஆகிய ரயில் நிலையங்கள் மேரிலபோனைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டதால், வெளியூர் நோயாளி காலையில் வந்து வல்லுநரைப் பார்த்துவிட்டு மாலையில் ஊர் திரும்புவது இயல்வதாயிற்று.

அவர்களை வரவேற்ற வீடுகள் எவ்வாறு மருத்துவர் கைக்கு வந்தன என்பது நிலத்தின் கதை. நியூகாசில் கோமகன் 1708இல் வாங்கிய மேரிலபோன் பண்ணைநிலம், அவர் மகள் ஹென்றியட்டா வழியாக அவள் கணவர் எட்வர்ட் ஹார்லியின் பொறுப்பில் வந்து, பின்னர் போர்ட்லண்ட் கோமகன்களின் குடும்பத்துக்குச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் பெயர்களும், வெல்பெக், விம்போல் போன்ற அவர்களது நாட்டுப்புற மாளிகைகளின் பெயர்களுமே அங்குள்ள தெருக்களுக்கு இடப்பட்டன. 1879இல் ஐந்தாம் கோமகன் வாரிசின்றி இறந்தபோது நிலம் அவர் சகோதரி லூசியை அடைந்தது. அவர் ஹவர்ட் டி வால்டன் பிரபுவின் கைம்பெண் என்பதால், இன்றுவரை அது ஹவர்ட் டி வால்டன் எஸ்டேட் என்றே வழங்குகிறது. இத்தகைய எஸ்டேட்டுகள் நிலத்தை விற்பதில்லை. நெடுங்காலக் குத்தகைக்கு விட்டு, குத்தகைதாரர் அங்கே என்ன தொழில் செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவைக்கும். 19ஆம் நூற்றாண்டில் பெல்கிரேவியா போன்ற புதிய பகுதிகளை நோக்கி உயர்குடியினர் இடம்பெயர்ந்தபோது, கடைகளை அனுமதிக்க விரும்பாத நிலவுடைமையாளருக்கு, தெருவின் மதிப்பைக் குறைக்காத குடியிருப்பாளராக மருத்துவர் தென்பட்டார். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1855–57இல் எழுதிய ‘லிட்டில் டோரிட்’ நாவலில் ஹார்லி தெருவுக்கு உரியவராகக் காட்டப்படுபவர் மெர்டில் என்னும் பெரும் பணமுதலையே; அப்போது அது இன்னும் மருத்துவரின் தெரு ஆகிவிடவில்லை. வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கின்படி, 1860இல் அங்கிருந்த மருத்துவர் ஏறத்தாழ 20 பேர், 1900இல் 80, 1914இல் கிட்டத்தட்ட 200.

வீட்டின் அமைப்பே உள்வாடகைக்கு வழிவிட்டது. குறுகிய முகப்பும் பல மாடிகளும் கொண்ட அந்த வரிசை வீடுகளில், தரைத்தளத்து முன்னறை உணவறையாகவும், பின்னறை நூலறையாகவும் கட்டப்பட்டிருந்தன. சமையலும் பணியாளரும் நிலவறையில், குடும்பம் மேல்மாடிகளில். வீட்டைக் குத்தகைக்கு எடுத்த மூத்த மருத்துவர், பகலில் உணவறையைக் காத்திருப்பறையாக மாற்றி, நோயாளிகளைப் பின்னறையில் ஒவ்வொருவராகப் பார்த்தார். இதுவே ஆலோசனை அறை. குத்தகைப் பணம், பணியாளர் சம்பளம், நிலக்கரிச் செலவு எல்லாம் சேர்ந்த பாரத்தைத் தனியொருவர் தாங்குவது கடினம் என்பதால், எஞ்சிய அறைகளை இளைய மருத்துவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டார். கதவு ஒன்று, காத்திருப்பறை ஒன்று, கதவைத் திறக்கும் பணியாள் ஒருவர். ஆனால் கதவருகே பதிக்கப்பட்ட பித்தளைப் பெயர்ப்பலகைகள் பல. முழு வாரத்துக்கு அறை தேவைப்படாதவர் வாரத்தில் இரண்டு பிற்பகல் மட்டும் எடுத்துக்கொள்ளவும், அதே அறையில் பிற நாள்களில் வேறொருவர் அமரவும் இந்த ஏற்பாட்டில் இடமிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பணியாளர் கிடைப்பது அரிதாகி, பெரிய வீட்டை நடத்துவது மருத்துவருக்கும் கட்டுப்படியாகாமல் போனதால், அவர்கள் புறநகர்களில் குடியேற, வீடுகளின் மேல்மாடிகளும் படிப்படியாக அறைகளாகப் பிரிந்தன.

இந்த முறை அரைநாளை அலகாகக் கொண்டதற்குக் காரணம் மருத்துவமனையில் இருக்கிறது. நன்கொடையால் நடந்த லண்டன் அற மருத்துவமனைகளில், வல்லுநர்கள் ஏழை நோயாளிகளை ஊதியமின்றிக் கௌரவப் பொறுப்பில் கவனித்தனர். அந்தப் பொறுப்பு தந்த பெயரை முதலாகக் கொண்டு, கட்டணம் தரும் நோயாளிகளைத் தம் தனி அறையில் பார்த்துப் பொருளீட்டினர். ஒரே நாள் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி ஏழைக்கு, மறுபாதி செல்வருக்கு. மிடில்செக்ஸ் மருத்துவமனையும் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையும் சற்றுத் தொலைவிலேயே இருந்ததால், இரண்டுக்குமிடையே சென்றுவருவது எளிதாயிருந்தது. ஹார்லி தெருவின் பெருமையைப் பேசுவோர் பலரும் மறந்துவிடுகிற உண்மை ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும்: அந்த அறைகளில் கினிக்கணக்கில் விலைபோன திறமை, மருத்துவமனைப் படுக்கைகளில் கிடந்த ஏழைகளின் உடல்களில் கற்றுத் தேர்ந்த திறமையே.

அறையின் மதிப்பை உயர்த்திய இன்னொன்று விளம்பரத் தடை. 1858இன் மருத்துவச் சட்டம் பொது மருத்துவ மன்றத்தை நிறுவி, தகுதி பெற்றோரின் பெயர்களைக் கொண்ட பதிவேட்டை உருவாக்கியது. விளம்பரம் செய்து நோயாளிகளைக் கவர்வதை இழிநடத்தையாகக் கொண்ட அம்மன்றத்தின் கண்டிப்பு 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை நீடித்தது. செய்தித்தாளில் தன் திறமையைச் சொல்லிக்கொள்ள முடியாத மருத்துவருக்கு, பித்தளைப் பலகையும் அது பதிக்கப்பட்ட தெருவின் பெயருமே விளம்பரமாயின. ஆகவே அவர் கொடுத்த வாடகையில் ஒரு பகுதி சுவர்களுக்கும் நாற்காலிக்கும் உரியது. பெரும்பகுதி கடிதத்தாளின் தலைப்பில் அச்சிடும் முகவரிக்கு உரியது.

அதே சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளியும் இருந்தது. பதிவுபெற்ற மருத்துவரென்று பொய்யாகச் சொல்லிக்கொள்வதை அது குற்றமாக்கியதே தவிர, பதிவு இல்லாதவர் சிகிச்சை செய்வதைத் தடுக்கவில்லை. முகவரியை வாடகைக்குப் பெற வாடகைப் பணம் போதும் என்ற நிலையில் இந்த இடைவெளி நோயாளிக்கு நன்மையாகவும் தீமையாகவும் முடியக்கூடும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லயனல் லோக், மருத்துவப் பட்டம் இல்லாதவர், ஹார்லி தெரு 146ஆம் இலக்கத்தில் அறை எடுத்துப் பேச்சுப் பயிற்சி அளித்தார். 1926 அக்டோபரில் அங்கே வந்த யார்க் கோமகன், பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரானார். லோக் நேர்மையும் திறமையும் உள்ளவர் என்பது நாடறிந்த ஒன்று. ஆனால் வாசலில் நிற்கும் சாதாரண நோயாளி, திறமையுள்ளவரையும் போலியையும் பிரித்தறிய அந்தத் தெரு எந்த வழியும் செய்துதரவில்லை.

வாடகையின் சுமை இளைஞர் மீதே அதிகம் விழுந்தது என்பதற்குச் சான்று ஆர்தர் கோனன் டாய்ல். வியன்னாவில் கண்மருத்துவம் கற்று 1891இல் லண்டன் திரும்பிய அவர், ஹார்லி தெருவுக்கு அருகே அப்பர் விம்போல் தெரு 2ஆம் இலக்கத்தில் ஆண்டுக்கு 120 பவுண்டுக்கு ஒரு முன்னறையையும், காத்திருப்பறையைப் பகிர்ந்துகொள்ளும் உரிமையையும் பெற்றார். நாள்தோறும் காலை பத்து மணிக்கு வந்து பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணி வரை அமர்ந்திருந்தும் ஒரு நோயாளிகூட அழைப்புமணியை அடிக்கவில்லை என்பதை 1924இல் வெளியான தன்வரலாற்றில் அவரே பதிவுசெய்திருக்கிறார். அந்த நேரத்தை எழுத்துக்குச் செலவிட்டதால் ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகள் உருவாயின. சில மாதங்களிலேயே அவர் மருத்துவத்தைக் கைவிட்டார். எழுத்து கைகொடுத்த அவர் தப்பினார்; நோயாளிகளை அனுப்பிவைக்கும் மூத்தவரின் தயவின்றி, சேமிப்பை வாடகையாகக் கரைத்த மற்ற இளைஞருக்கு அத்தகைய மாற்றுவழி இல்லை. ஹார்லி தெருவிலேயே சிறிதுகாலம் தொழில் செய்த ஏ. ஜே. குரோனின், 1937இல் வெளியிட்ட ‘தி சிட்டடல்’ நாவலில், வெல்பெக் தெருவில் அறை எடுக்கும் இளம் மருத்துவர் ஒருவர், செலவை ஈடுகட்டவும் செல்வரைப் பிடிக்கவும் முனைந்து தன் மனச்சான்றை இழப்பதைக் காட்டினார். அது கற்பனைக் கதை எனினும், அறையின் வாடகையே மருத்துவரின் முடிவுகளைத் திசைதிருப்பக்கூடும் என்ற அவரது எச்சரிக்கை நியாயமானதே.

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, இலவச மருத்துவம் தனியார் அறைகளைக் காலியாக்கிவிடும் என்று எதிர்பார்த்திருக்கலாம். அப்போது ஹார்லி தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 1,500 மருத்துவர்கள் இருந்தனர். வல்லுநர்களின் ஒத்துழைப்பைப் பெறவேண்டி, சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், அவர்கள் அரசு ஊதியம் பெற்றுக்கொண்டே தனியாகவும் தொழில் நடத்த இடங்கொடுத்தார். மருத்துவமனையின் மூத்த வல்லுநரான ‘கன்சல்டன்ட்’டின் வாரம், மூன்றரை மணி நேரம் கொண்ட 11 அரைநாள்களாக வகுக்கப்பட்டது. அதிகபட்சமாகப் பதினொன்றில் ஒன்பது பங்கு வேலையை அரசுக்குச் செய்பவர், எஞ்சிய நேரத்தைத் தனியார் நோயாளிகளுக்குத் தரலாம். அற மருத்துவமனைக் காலத்தில் வழக்கமாக இருந்த நாள்பிளவு இப்போது ஊதிய ஒப்பந்தத்தின் எழுத்தாகவே ஆயிற்று. வாரத்துக்கு இரண்டு அரைநாள் மட்டுமே கையிலுள்ளவர் முழு அறைக்கு வாடகை கொடுக்க மாட்டார். ‘செஷன்’ எனப்படும் அரைநாள் அமர்வு வாடகை வேரூன்றியதன் பொருளியல் காரணம் இதுதான். அரசு மருத்துவமனைகளில் இருந்த கட்டணப் படுக்கைகளைக் குறைக்க 1970களில் தொழிற்கட்சி அரசு முயன்றதும், தனியார் மருத்துவமனைகள் பெருகியதும், அறைகளின் தேவையைக் குறைக்கவில்லை.

இன்றைய அமர்வு வாடகையில் அறை மட்டுமன்றி, வரவேற்பாளர், செவிலியர், கட்டண வசூல், கருவிகள் முதலியவையும் தொகுப்பாகச் சேர்க்கப்படுகின்றன; வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபையின் திட்டக்கொள்கை அந்தப் பகுதியை மருத்துவப் பயன்பாட்டுக்கெனச் சிறப்பாகக் காக்கிறது. பயிற்சியின் ஒரு பகுதியைப் பிரிட்டனில் பெறும் வல்லுநர் பலர் பணியாற்றும் இலங்கையில், அரசு மருத்துவமனை வேலை முடிந்தபின் தனியார் நிலையத்தின் அறையில் நோயாளரைப் பார்க்கும் ‘சேனல்’ முறை, இதே நாள்பிளவின் மற்றொரு வடிவம். இம்முறையால் இளம் மருத்துவர் பெருங்கடன் இல்லாமல் தொழில் தொடங்கலாம் என்பது பெரிய நன்மை. டாய்ல் காலத்து ஆண்டு வாடகையைவிட இது எவ்வளவோ நியாயமானது. ஆனால் மருத்துவர் நிரந்தரமாக இராத அறையில், சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கலோடு நள்ளிரவில் தவிக்கும் நோயாளிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, அறையை விட்டவரும் எடுத்தவரும் முன்கூட்டியே பதில் எழுதிவைத்திருக்க வேண்டும்.

1996இல் பொது மருத்துவ மன்றம் வல்லுநர்களுக்கெனத் தனிப் பதிவேட்டைத் தொடங்கியது. 2012 டிசம்பர் முதல் மருத்துவர் தம் தகுதியைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மறு உறுதிசெய்யும் விதியும் நடைமுறையில் உள்ளது. அந்தப் பதிவேட்டை யாரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம். லண்டனுக்குச் சிகிச்சைக்காகச் செல்ல எண்ணும் குடும்பங்கள், தெருவின் பெயரை நம்பி முன்பணம் கட்டுவதற்கு முன், மருத்துவரின் பெயர் வல்லுநர் பதிவேட்டில் எந்தத் துறையின்கீழ் இருக்கிறது என்பதையும், அவர் அந்த அறையில் வாரத்தில் எத்தனை அரைநாள் இருப்பார் என்பதையும் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.