மாலை நேரத்தில் ஊர் வரலாறு



வேலைக்குப் போய் வந்து, வீட்டுக் கடமைகளையும் முடித்த பிறகு கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒருவர் என்ன படிக்கலாம்? கணினி, கணக்குப் பதிவு, மொழிப் பயிற்சி என்று பல உண்டு. அவற்றோடு தம் ஊரின் வரலாற்றையும் நாட்டார் வழக்காறுகளையும் படிக்கலாம் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். ‘அது பேராசிரியர்களின் வேலையாயிற்றே’ என்று சிலர் ஒதுங்கக்கூடும். ஆனால் இந்தக் கல்வி வளர்ந்த கதையைப் பார்த்தால், அதில் பெரும்பகுதி ஓய்வு நேரத்தில் வளர்ந்தது என்பது விளங்கும்.

‘ஃபோக்லோர்’ என்ற சொல்லை 1846-ஆம் ஆண்டில் இலண்டன் இதழொன்றில் எழுதி உலகுக்கு அறிமுகம் செய்தவர் வில்லியம் தாம்ஸ். அவர் அலுவலகத்தில் எழுத்தராகப் பிழைப்பு நடத்தியவர். தென்னிந்திய நாட்டுப் பாடல்களைத் தொகுத்து 1871-இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய சார்லஸ் கோவர், சென்னையில் பள்ளி நடத்தியவர். நம் காலத்துக்கு நெருங்கி வந்தால், பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார் நா. வானமாமலை. 1969-இல் ‘ஆராய்ச்சி’ என்ற இதழையும் தொடங்கினார். அவரைச் சுற்றி அமைந்த நெல்லை ஆய்வுக் குழுவில் பிற தொழில் செய்வோரும் கூடிக் கட்டுரை படித்தனர். உழவராக வாழ்ந்த கி. ராஜநாராயணன், நண்பர்களின் துணையோடு கரிசல் வட்டாரச் சொல்லகராதியை 1982-இல் வெளியிட்டார். இவர்களில் எவரும் பல்கலைக்கழகம் அழைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

இனி, நம் பினாங்குக்கு வருவோம். ஜார்ஜ் டவுனில் சுங்கை பினாங் என்ற பெயரை அறியாதவர் இல்லை. மலாய் மொழியில் ‘சுங்கை’ என்றால் ஆறு; ‘பினாங்’ என்றால் பாக்கு. ஆற்றுக்கும் அதன் கரையில் அமைந்த வட்டாரத்துக்கும் ஒரே பெயர். பலர் பேருந்தில் அந்த ஆற்றைத் தினந்தோறும் கடந்து போகிறார்கள். புதிதாக ஊர் வரலாறு படிக்கத் தொடங்குவோருக்கு இந்த ஆற்றைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

ஆற்றின் மேற்பகுதியிலிருந்து தொடங்குவோம். சுங்கை பினாங்குக்கு நீர் தரும் கிளைகளில் ஒன்று அருவியிலிருந்து இறங்குகிறது. மலாய்க்காரர் அதனை ‘ஆயர் தெர்ஜுன்’, அதாவது விழும் நீர், என்றனர். தமிழர் அந்த மலையைத் தண்ணீர்மலை என்றனர். வேறு வேறு மொழியினர் ஒரே நீரைப் பார்த்து அவரவர் மொழியில் பெயரிட்டிருக்கிறார்கள். அங்கே நகரத்தார் கோயிலும் மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலும் உள்ளன. தைப்பூசத்துக்கு முதல் நாள், பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. வழியெங்கும் தேங்காய் உடைப்போரில் சீனரும் ஏராளம். ஒரு விழாவைத் தமிழர் மட்டும் காக்கவில்லை, ஊரே காத்திருக்கிறது என்பதற்கு இது கண்கூடான சான்று.

மற்றொரு கிளை ஆயர் ஈத்தாம். அதன் கரையில் ‘டோபி காட்’ இருக்கிறது. தமிழில் சொன்னால் வண்ணார்துறை. தமிழகத்திலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே துணி வெளுத்தன. அவர்கள் போற்றும் இராமர் கோயிலும் அங்கே உண்டு. எந்த வீட்டுத் துணி எது என்று அறிய அவர்கள் இட்ட குறிகள் எவை, வெளுப்பதற்கு எவற்றைச் சேர்த்தார்கள், மழைக்காலத்தில் என்ன செய்தார்கள் என்பவை எந்த அரசாங்க அறிக்கையிலும் விரிவாகக் கிடைப்பவை அல்ல. அந்தத் துறையில் வாழ்ந்தவர்கள் வாயிலாகவே அவற்றை அறிய முடியும்.

ஏட்டில் உள்ளவற்றையும் நாம் புறக்கணிக்கலாகாது. பிரான்சிஸ் லைட் 1786-இல் இத்தீவில் குடியேற்றம் அமைத்தார். சூலியாக்கள் எனப்பட்ட சோழமண்டலக் கரை மக்கள் ஏறத்தாழ 1000 பேர் இங்கே இருப்பதாகவும், ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பலில் வந்து, பொருளீட்டித் திரும்புவதாகவும் அவர் 1794-இல் எழுதினார். 1801-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. பேட்டி லிங்கம் செட்டியிடம் குவின் வீதியில் கோயில் நிலம் ஒப்படைக்கப்பட்டதும், காதர் முகைதீன் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

ஏடும் வாய்மொழியும் ஒன்றுக்கொன்று துணை. ஏடு ஆண்டைச் சொல்லும். தலைவர்களின் பெயரைச் சொல்லும். ஆண்டுதோறும் வந்து போன அந்த ஆயிரக்கணக்கானோர் என்ன பாடினார்கள், யாரைக் கும்பிட்டார்கள், பிள்ளைகளுக்கு என்ன கதை சொன்னார்கள் என்பதை ஏடு சொல்வதில்லை.

பகுதி நேர மாணவருக்குள்ள நன்மை இங்கேதான் வெளிப்படுகிறது. வெளியூர் ஆய்வாளர் சில வாரங்கள் தங்கிக் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார். உள்ளூர்க்காரரோ அந்தப் பாட்டிக்குப் பேரன் முறை. இன்று சொல்லாததை அடுத்த தீபாவளிக்குச் சொல்வார்கள். ‘கிராணி’, ‘கங்காணி’, ‘லயம்’, ‘கித்தா’ என்று பெரியவர்கள் பேசும்போது இடைமறித்துப் பொருள் கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இராது.

ஆயினும் நன்மை மட்டும் போதாது, முறையும் வேண்டும். சொன்னவர் பெயர், வயது, பூர்வீக ஊர், சொன்ன நாள் ஆகிய நான்கையும் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எழுதுக. பேசிய சொற்களைத் திருத்தாமல் அப்படியே பதிவு செய்க. அவர் அனுமதியின்றி எதையும் வெளியிடலாகாது.

பெரியவர்கள் பெரும்பாலும் ஆண்டைச் சொல்வதில்லை. ‘ரஜூலாவில் வந்தோம்’ என்பார்கள். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய கப்பல் அது. ‘குண்டு போட்ட அன்றைக்கு’ என்றால் 1941 டிசம்பர். ‘ஜப்பான்காரன் காலத்தில்’ என்றால் அதிலிருந்து 1945 வரை. இத்தகைய நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை கையில் வைத்துக்கொண்டால், கேட்ட கதையை அதற்குரிய ஆண்டுகளில் பொருத்தலாம்.

புராணக் கதையையும் வரலாற்றையும் கலந்துவிடாதிருப்பது மற்றொரு கடமை. மலையாளக் கரையிலிருந்து வந்து, டிரான்ஸ்ஃபர் சாலையருகே அடங்கியிருக்கும் டத்தோ கோயாவைப் பற்றி அற்புதங்கள் பல சொல்லப்படுகின்றன. அவை நடந்தனவா என்று வாதிடுவது நம் வேலையன்று. அவற்றை யார் சொல்கிறார்கள், எந்தச் சமயத்தார் அங்கே வணங்குகிறார்கள், ஏன் இன்னும் சொல்கிறார்கள் என்று கேட்பதே நம் வேலை. அந்த விடையும் வரலாறுதான்.

இதைத் தள்ளிப்போட முடியாத காரணம் ஒன்று உண்டு. பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 1999 இறுதியில் முற்றிலும் முடிவுக்கு வந்தது. வாடகை உயரவே, தலைமுறையாக ஒரே தெருவில் வாழ்ந்த குடும்பங்கள் பல இடம் பெயர்ந்தன. 2008 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வந்தபோது அவற்றின் கதைகளை அறிந்தவர்களில் பலர் வேறு வட்டாரங்களில் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டிருந்தனர். மேலும், சுங்கை பினாங் போன்ற வட்டாரங்கள் அந்தப் பாரம்பரிய எல்லைக்குள் வரவில்லை. அங்கே பழைய வீடு இடிக்கப்பட்டால் அதன் நினைவுக்குக் காவல் அங்குள்ள மக்களே. ஜப்பானியர் காலத்தை நேரில் கண்டவர்களுக்கு இன்று எண்பதுக்கு மேல் வயது. அவர்களிடம் கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.

முறையாகப் பட்டம் பெற விரும்புவோருக்கும் வழி உண்டு. 1969-இல் பினாங்கில் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வேலை பார்ப்போர் தொலைவிலிருந்தே பட்டம் பயிலும் திட்டத்தை 1971-இல் தொடங்கியது; நாட்டிலேயே அதுதான் முதலாவது. பட்டம் வேண்டாதவருக்கு ஒரு குறிப்பேடும், வாரத்தில் ஒரு மாலையும் போதும்.

வாரம் ஒரு பெரியவரிடம் ஒரு மணி நேரம் கேட்டு எழுதினால், ஓராண்டில் ஐம்பது பேரின் நினைவுகள் சேரும். அதன் ஒரு படியைக் கோயிலிலோ, தமிழ்ப் பள்ளியிலோ, நூலகத்திலோ கொடுத்து வையுங்கள். பிற்காலத்தில் சுங்கை பினாங்கின் வரலாற்றை எழுத வருபவர், லைட் எழுதிய கடிதத்துக்கு அருகில் உங்கள் குறிப்பேட்டையும் வைத்துப் படிப்பார். முதல் பக்கத்தை இந்த வாரமே, உங்கள் வீட்டிலுள்ள மூத்தவரிடம் தொடங்குங்கள்.