ஒரு சோறு பதமாவது எப்போது?

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், தந்தையோ பாட்டனாரோ கணக்கராகவோ, சுருக்கெழுத்தாளராகவோ, வங்கி எழுத்தராகவோ வந்தவராக இருப்பார். பிள்ளையை வணிகவியல் பட்டப் படிப்பில் சேர்ப்பது அதன் இயல்பான தொடர்ச்சி. அப்பிள்ளைகள் பேரேட்டையும் ஐந்தொகையையும் கண்டு அஞ்சுவதில்லை. அவர்கள் அஞ்சுவது முதலாண்டிலேயே எதிர்ப்படும் மற்றொரு பாடத்தை. புள்ளியியல் என்று பெயர் சொல்லி உள்ளே அழைத்துச் செல்லும் அப்பாடத்தில், சராசரியும் திட்ட விலக்கமும் முடிந்தவுடன் பகடைக் காய்கள் உருளத் தொடங்குகின்றன, நாணயங்கள் சுண்டப்படுகின்றன, குடத்திலிருந்து சிவப்புப் பந்தும் வெள்ளைப் பந்தும் எடுக்கப்படுகின்றன. வாணிகம் கற்க வந்தவனுக்குச் சூதாட்டம் எதற்கு என்று மாணவன் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சூத்திரங்களில் இல்லை. அவை பிறந்த வரலாற்றில் இருக்கிறது.

1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி என்ற துறவி ஒரு பெரிய கணித நூலை அச்சிட்டார். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி முதன்முதல் அச்சேறிய நூல் அதுவே என்பதால் வணிக மாணவர் அவர் பெயரை அறிவர். அதே நூலில் ஓர் ஆட்டக் கணக்கும் உண்டு என்பதைப் பலர் அறியார். இருவர் பந்தயம் கட்டி ஆடுகின்றனர். ஆட்டம் நடுவில் நின்றுவிடுகிறது. பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது? அதுவரை யார் எத்தனை ஆட்டம் வென்றாரோ அந்த விகிதத்தில் பிரிக்கலாம் என்றார் பாச்சோலி. கணக்கருக்கே உரிய விடை அது. நடந்தது என்ன என்பதையே ஏடு காட்டும். நடக்க இருப்பதை ஏடு காட்டாது.

இக்கணக்கு நூற்றறுபது ஆண்டுகள் தீராமல் கிடந்தது. 1654இல் பிரான்சு நாட்டின் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வாயிலாக அதைத் தீர்த்தனர். பாஸ்கல் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு எளிது. முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கே வெற்றி. ஆளுக்கு 32 பொற்காசு வைத்திருக்கின்றனர், மொத்தம் 64. ஒருவர் இரண்டு வென்றிருக்கிறார், மற்றவர் ஒன்று. இப்போது ஆட்டம் நிற்கிறது. பாச்சோலியின் விதிப்படி முதல்வருக்கு ஏறக்குறைய 43 காசு கிடைக்கும். பாஸ்கல் வேறு வகையில் எண்ணினார். அடுத்த ஆட்டத்தில் முதல்வர் வென்றால் 64 காசும் அவருடையது; தோற்றால் இருவரும் சமம், அப்போது 32 அவருடையது. ஆகவே 32 எவ்வகையிலும் அவர் கைக்கு வரும். எஞ்சிய 32இல் பாதிக்கு அவருக்கு உரிமை உண்டு. எனவே அவர் பங்கு 48, மற்றவர் பங்கு 16.

43க்கும் 48க்கும் உள்ள இவ்வேறுபாட்டை நாம் சிறிதாக எண்ணலாகாது. கூட்டு வாணிகம் ஒன்று இடையில் கலைகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் இன்னும் கரை சேரவில்லை. வரவேண்டிய கடன் வரவில்லை. பங்காளிகளுக்கு எதை வைத்துப் பிரிப்பது? வந்துவிட்ட வரவை வைத்து மட்டுமா, வரக்கூடியதையும் எடை போட்டா? எதிர்பார்ப்பு மதிப்பு என்று இன்று பாடநூலில் ஒரு வரியில் வரும் கருத்து இவ்வழக்கிலிருந்து பிறந்ததே. பகடை வெறும் சாக்கு. கணக்கு பங்கு பிரிப்பதைப் பற்றியது.

ஆட்டத்தில் வாய்ப்புகள் எத்தனை என்பதை இருந்த இடத்திலேயே எண்ணிவிடலாம். மனிதர் எத்தனை காலம் வாழ்வர் என்பதை அவ்வாறு எண்ண முடியாது. செத்தவர் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதைச் செய்தவர் ஜான் கிராண்ட் என்ற இலண்டன் துணி வணிகர். நகரத்தின் வாராந்தர மரணப் பட்டியல்களைத் தொகுத்து 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். 1693இல் வானியல் அறிஞர் ஹாலி, பிரெஸ்லவ் நகரத்துப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் அட்டவணை ஒன்றை வகுத்தார். ஒரு வயதுக் குழந்தைகள் 1,000 எனக் கொண்டால் இருபது வயதில் 598 பேரும், அறுபது வயதில் 242 பேரும் எஞ்சுவர் என்பது அவர் கணக்கு. ஆயுள் காப்பீட்டுக் கட்டணம் விதிக்க இத்தகைய அட்டவணையே அடிப்படையாயிற்று.

ஆனால் எவருடைய அட்டவணை எவருக்குப் பொருந்தும் என்ற கேள்வி உடனே எழுகிறதன்றோ? நம் நாட்டில் அக்கேள்வி பணக் கேள்வியாகவே எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே தொழில் நடத்திய ஐரோப்பியக் காப்பீட்டு நிறுவனங்கள், இந்தியர் உயிரைத் தரங்குறைந்ததாகக் கொண்டு கூடுதல் கட்டணம் விதித்தன. 1870இல் பம்பாயில் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கம் இந்தியரையும் வழக்கமான கட்டணத்திற்கே ஏற்றது. 1906இல் சென்னையில் யுனைடெட் இந்தியா நிறுவனம் எழுந்தது. 1956இல் இவை யாவும் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் இணைந்தன. ஒரு கூட்டத்தாரிடம் எடுத்த கணக்கை மற்றொரு கூட்டத்தார் தலையில் ஏற்றலாமா என்பது இன்றும் எந்த வணிகப் புள்ளியியல் வகுப்பிலும் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். இப்பழமொழி பொய்யன்று, ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானையில் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே கொதி. கரண்டியும் அடிவரை சென்று கிளறியிருக்கிறது. அதனால்தான் ஒரு பருக்கை மற்றவற்றுக்காகப் பேசுகிறது. கிளறாத பானையில் மேலே வெந்திருக்கும், அடியில் பிடித்திருக்கும். உலகின் பெரும்பாலான பொருள்கள் கிளறாத பானைகளே.

இதை ஓர் ஆலை ஊழியர் எதிர்கொண்டார். டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் 1899இல் சேர்ந்த வில்லியம் காசெட், வாற்கோதுமை வகைகளை ஒப்பிட்டு நல்லதைத் தெரிய வேண்டியிருந்தது. சில பாத்திகளின் விளைச்சல்தான் அவர் கையில் இருந்தது. அக்காலக் கணிதமோ நூற்றுக்கணக்கான அளவைகளை வேண்டியது. சில அளவைகளை மட்டுமே கொண்டு எவ்வளவு துணிந்து சொல்லலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு அவர் ஓர் அட்டவணை கண்டார். ஆலை ஊழியர் தம் பெயரில் ஆய்வு வெளியிட அனுமதி இல்லை; ஆதலால் 1908இல் பயோமெட்ரிக்கா என்ற இதழில் ‘மாணவர்’ என்ற புனைபெயரில் கட்டுரை வெளிவந்தது. தேர்வு மண்டபத்தில் நம் பிள்ளைகள் புரட்டும் டி அட்டவணை அந்த ‘மாணவர்’ அளித்ததே.

அந்த இதழ்தான் இக்கலையை இந்தியாவிற்குக் கொண்டு வந்தது. 1915இல் கேம்பிரிட்ஜில் இயற்பியல் முடித்துத் தாயகம் திரும்ப இருந்தார் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். போர்க்காலமாதலால் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. நூலகத்தில் பொழுது போக்கியவரிடம் ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிக்காவின் தொகுதிகளைக் காட்டினார். அவற்றை வாங்கிக்கொண்டு கப்பலேறி வழியெல்லாம் படித்து வந்தார் அவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே தம் அறையின் ஒரு பகுதியைப் புள்ளியியல் ஆய்வகமாக்கினார். 1931 டிசம்பர் 17இல் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது. 1933இல் அக்கழகம் தொடங்கிய இதழுக்கு ‘சாங்க்யா’ என்று பெயர். எண் என்பதும், தெளிந்த அறிவு என்பதும் அச்சொல்லில் அடங்கும்.

அக்கழகம் புகழ் பெற்றது சணல் வயல்களில். அக்கால வங்கத்தின் பணப் பயிர் சணல். கிழக்கு மாவட்டங்களில் விளைந்து, ஹூக்ளிக் கரை ஆலைகளில் கோணிப்பையாகி, உலகெங்கும் சென்றது. அவ்வாண்டு எவ்வளவு விளையும் என்ற மதிப்பீட்டை ஒட்டியே விலை ஏறி இறங்கியது. அதிகம் விளையும் என்ற செய்தி பரவினால் உழவனுக்கு நட்டம்; குறைவு என்று பரவினால் ஆலைக்கு நட்டம். அம்மதிப்பீடோ கிராம அலுவலர் கண்ணால் பார்த்துச் சொன்னதைக் கூட்டி எழுதியது. 1937 முதல் மஹலனோபிஸ் வேறு வழியை முயன்றார். வரைபடத்தில் கண்மூடித்தனமாக அன்று, சீட்டுக் குலுக்கியது போன்ற ஒழுங்கான தற்செயல் முறையில் சிறு சிறு கட்டங்களைத் தெரிந்தெடுத்து, அங்கே மட்டும் ஆள் அனுப்பி அளக்கச் செய்தார். பானையைக் கிளற முடியாதபோது, கரண்டியை எங்கே விடுவது என்பதைத் தற்செயலிடம் ஒப்படைப்பதே இம்முறையின் உயிர்.

அவர் இன்னொன்றும் செய்தார். ஒரே பகுதியில் இரு குழுவினர், ஒருவரை ஒருவர் சாராமல், தனித்தனி மாதிரிகளை அளந்தனர். இரு விடைகளும் நெருங்கினால் நம்பலாம். விலகினால் எங்கோ பிழை. தணிக்கை கற்கும் வணிக மாணவருக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கிராம அதிகாரியின் கணக்கை மாறுவேட ஒற்றரைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லும் அர்த்தசாத்திரத்தை மஹலனோபிஸ் நன்கறிந்தவர்.

ஒரு சில வயல்களை அளந்து மாகாணம் முழுவதற்கும் கணக்குச் சொல்வதைப் பலர் நம்ப மறுத்தனர். 1940களில் அரசின் சார்பில் வயல் வயலாக எல்லாவற்றையும் எண்ணும் பணியும் நடைபெற்றது. முப்பதாயிரத்திற்கு மேற்பட்ட ஆட்கள். ஏறக்குறைய 82 இலட்சம் ரூபாய்ச் செலவு. மாதிரி முறைக்கு அறுநூறு பேர் அளவில். செலவு சுமார் 8 இலட்சம். முடிவு என்ன? முழு எண்ணிக்கை சுமார் 63 இலட்சம் பொதி என்றது. மாதிரி முறை சுமார் 75 இலட்சம் பொதி என்றது. பின்னர் வாணிகத்திலும் சுங்கத்திலும் உண்மையாகக் கடந்து சென்ற அளவு ஏறத்தாழ 75½ இலட்சம்!

எல்லாவற்றையும் எண்ணியது எப்படித் தவறிற்று? காரணம் எளிது. முப்பதாயிரம் தற்காலிக ஊழியரைப் பயிற்றுவிக்கவும் மேற்பார்வையிடவும் எவராலும் இயலாது. ஒருவன் வயலுக்கே போகாமல் எழுதியிருப்பான். மற்றொருவன் சேற்றுக்கு அஞ்சித் தொலைவிலிருந்தே கணித்திருப்பான். அறுநூறு பேரைக் கண்காணிக்கலாம். மாதிரியில் நேரும் பிழையின் அளவைக் கணிதம் முன்கூட்டியே சொல்லும். சோம்பலில் நேரும் பிழையை எந்தச் சூத்திரமும் சொல்லாது. பாடநூல்கள் முன்னதற்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கி, பின்னதை ஒரு பத்தியில் முடித்துவிடுவது நமக்கு வருத்தமே.

நளன் கதையை இங்கே நினைக்காதிருக்க முடியவில்லை. தேரில் செல்லும் இருதுபன்னன் தான்றி மரத்தை ஒரு முறை பார்த்து அதன் இலை, காய்களின் தொகையைச் சொல்கிறான். நளன் நம்பவில்லை, மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான், தொகை சரியாக இருக்கிறது. அதன்பின் இருதுபன்னன் பகடையின் மருமத்தையும் அவனுக்குக் கற்பிக்கிறான். மதிப்பிடும் கலையும் பகடைக் கலையும் ஒன்றே என்று மகாபாரதக் கதை சொன்னவர்கள் எவ்வாறோ உணர்ந்திருந்தனர்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு உவப்பான ஒரு செய்தியும் இவ்வரலாற்றில் உண்டு. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற சி. ஆர். ராவ் என்ற இளைஞர், இராணுவ நில அளவைப் பிரிவில் வேலை தேடிக் கல்கத்தா வந்தார். வேலை கிடைக்கவில்லை. தங்கியிருந்த தென்னிந்திய விடுதியில், பம்பாயிலிருந்து புள்ளியியல் கழகத்திற்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டிருந்த மற்றோர் இளைஞரைச் சந்தித்தார். அவர் சொல்லக் கேட்டுக் கழகத்தைப் போய்ப் பார்த்தார். 1941 ஜனவரி முதல் நாள் பயிற்சியில் சேர்ந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்த புள்ளியியல் முதுகலை வகுப்பில் முதலிடம் பெற்றார். 1945இல், இருபத்தைந்து வயதில், அவர் வெளியிட்ட கட்டுரை உலகப் பாடநூல்களில் இன்றும் அவர் பெயருடன் நிற்கிறது. 2023இல் தம் 102ஆம் வயதில் மறைந்தார். விடுதிச் சாப்பாட்டு மேசையில் நடந்த ஓர் உரையாடல் எத்தனை தூரம் செல்லும் என்பதை எந்த நிகழ்தகவுக் கணக்கும் சொல்லியிருக்காது.

1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிற்று. நாட்டின் ஏறத்தாழ ஐந்தரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கிராமங்களில் 1,833 மட்டும் முதற் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. தொழிற்சாலைக்குள்ளும் இம்முறை அதற்கு முன்பே நுழைந்துவிட்டது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1924 மே மாதத்தில் வால்டர் ஷூவர்ட் ஒரு தாளில் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் அதன் கருவி. சுதந்தரம் பெற்ற சில மாதங்களிலேயே மஹலனோபிஸின் அழைப்பில் ஷூவர்ட் இந்தியா வந்து சுற்றினார். பஞ்சாலைகள் முதலிய தொழில்களில் தரக் கட்டுப்பாட்டு முறை பரவலாயிற்று.

கோவை நூற்பாலை ஒன்றில் இம்முறை எவ்வாறு நடக்கும் என்று பார்ப்போம். ஒவ்வொரு முறைப்பணியிலும் சில கண்டு நூலை மட்டும் எடுத்துக் குறிப்பிட்ட நீளம் சுற்றி எடை போடுவர். அவற்றின் சராசரியை ஒரு புள்ளியாகத் தாளில் இடுவர். நடுவில் ஒரு கோடு. அதற்கு மேலும் கீழும், திட்டப் பிழையின் மும்மடங்குத் தொலைவில், இரண்டு கோடுகள். புள்ளிகள் இரு கோடுகளுக்கும் இடையே மேலும் கீழுமாக அலையும் வரை எந்திரத்தைத் தொட வேண்டியதில்லை. அந்த அலைவு பகடையின் அலைவு போன்றது. ஒரு புள்ளி கோட்டைத் தாண்டினால் மேற்பார்வையாளர் எந்திரத்தை நிறுத்தி, பல்சக்கரத்தில் குறையா, பஞ்சில் குறையா என்று பார்க்கப் போகிறார்.