சிறுநீர்க்கானில் கல்: காத்திருப்பதா, சத்திரசிகிச்சையா?

சிறுநீரகத்தில் உருவான கல் சிறுநீர்க்கானினுள் இறங்கி அடைபடும்போது எழும் வலியை அனுபவித்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. சத்திரசிகிச்சையின்றி இது தானாக வெளியேறுமா என்பதே அவர்கள் வைத்தியரிடம் கேட்கும் முதற்கேள்வி. உறுதியான விடை எவரிடமும் இல்லை. ஆயினும் வாய்ப்பைக் கணிப்பதற்கு நம்பத்தக்க அளவுகோல்கள் உள்ளன.

முதன்மையானது கல்லின் பருமன். அமெரிக்க, ஐரோப்பிய சிறுநீரியல் சங்கங்கள் 2007இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டலின்படி, 5 மில்லிமீற்றருக்கு மேற்படாத கற்களில் 68 வீதமானவை தாமாகவே வெளியேறுகின்றன. 5 முதல் 10 மில்லிமீற்றர் வரையானவற்றில் இது 47 வீதமாகக் குறைகின்றது. வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைத்துவிட்டது என்போரிடம் நாம் வாதிடப்போவதில்லை. சிறிய கல், எதனை அருந்தியிருந்தாலும் போயிருக்கக்கூடியதே.

அடுத்தது கல் நிற்கும் இடம். ஏறத்தாழ 25 சென்றிமீற்றர் நீளமான சிறுநீர்க்கான், சிறுநீரகத்தை விட்டுப் புறப்படுமிடத்திலும், இடுப்புப் பகுதிக் குருதிக்குழாய்களைக் கடக்குமிடத்திலும், சிறுநீர்ப்பையினுள் நுழையுமிடத்திலும் ஒடுங்கியுள்ளது. இறுதியானதே மிக ஒடுக்கமானது. எனினும், மேற்பகுதியில் நிற்கும் கல்லைவிட, அவ்விடத்தை அண்மித்துவிட்ட கல்லுக்கே வாய்ப்பு அதிகம். பயணத்தின் பெரும்பகுதியை அது முடித்துவிட்டதல்லவா? பருமனையும் இடத்தையும் திட்டமாக அறிவதற்கு சீ.டி. ஸ்கேன் பரிசோதனையே சிறந்தது.

கல் இறங்குவதற்கெனப் பரவலாகக் கொடுக்கப்பட்டுவந்த டாம்சுலோசின் மருந்து, பிரித்தானியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், மருந்தற்ற போலி மாத்திரையைவிட மேலான பயனைத் தரவில்லை. சற்றுப் பெரிய, கீழ்ப்பகுதிக் கற்களுக்கு அது உதவக்கூடும் என்ற கருத்து இன்னமும் உள்ளது.

வைத்தியரின் கண்காணிப்பில் 4 முதல் 6 வாரங்கள் வரை காத்திருப்பது வழமை. காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் வெளியேறாதுவிட்டாலோ ஒருநாள்தானும் தாமதிக்கலாகாது. ஒரேயொரு சிறுநீரகத்துடன் வாழ்வோருக்கும் காத்திருப்பு ஆபத்தானது.

எமது கவலை வேறொன்று. வலி தணிந்ததும், கல் போய்விட்டதெனக் கருதிப் பலர் வைத்தியசாலைப் பக்கமே செல்வதில்லை. கல் அதேயிடத்தில் இருக்க, வலி மட்டும் அடங்கிவிடுவதுண்டு. அடைப்பு நீடிப்பின் சிறுநீரகம் எவ்வித அறிகுறியுமின்றிப் பழுதடையலாம். ஆகவே, கல் வெளியேறியதைக் கண்ணாற் காணாதவர்கள், வலி இல்லாவிடினும் மீண்டும் பரிசோதித்துப் பார்த்தல் வேண்டும். சிறுநீரை வடித்துப் பார்ப்பதற்குப் பழைய தேநீர்வடி ஒன்றே போதும். அகப்படும் கல்லை எறிந்துவிடாது வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். அதன் இரசாயனக் கூறு தெரிந்தால், அடுத்த கல்லைத் தடுக்கும் உணவுமுறையை அவரால் கூறமுடியும்.